ஆவணப்படம் பார்க்கத் தொடங்குவோருக்கு

ஓசூர் வனக்கோட்டத்தில் 2017ஆம் ஆண்டு தாயை இழந்து, காயங்களோடு மீட்கப்பட்ட ஒரு யானைக்குட்டி, முதுமலையின் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டது. ரகு என்று பெயர் பெற்ற அந்தக் குட்டியையும், அதை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரையும் பற்றிக் கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ என்ற சுமார் 40 நிமிட ஆவணப்படம் 2023 மார்ச் மாதம் ஆஸ்கர் விருது பெற்றது. அதே மார்ச்சின் முதல் வாரத்தில்தான், தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க ஒரு நிலத்தில் சட்டவிரோதமாகப் பாய்ச்சப்பட்டிருந்த மின்சாரத்தில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயற்றுப் போயின. விருதுச் செய்தி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த நாட்களில் பொம்மன் எங்கள் மாவட்டத்துக் காட்டோரத்தில், தாயை இழந்த குட்டிகள் தொடர்பான பணியில் இருந்தார்.

எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை ஒரு வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போடுகிறோம். மேற்சொன்ன படத்தைப் பார்த்து முடித்ததும், பாலக்கோட்டுப் பக்கம் மூன்று ஏக்கரில் ராகி போடும் பெரியவர் ஒருவர் எழுந்து, “குட்டியைக் காட்டினாங்க, கண்ணு கலங்கிப் போச்சுங்க. ஆனா யானை மேய்ஞ்ச காட்டுக்காரனை யாருங்க காட்டுவாங்க? உண்மைப் படம்னா முழுசா இருக்க வேணாமா?” என்று கேட்டார். ஆவணப்படம் என்றால் என்ன என்பதைப் புதிதாக ஒருவருக்கு விளக்க, இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் எந்த ஆவணப்படமும் முழுமையாக இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. நடந்தவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து, சிலவற்றை விட்டு, ஒரு வரிசையில் அடுக்கி, ‘இதுதான் நான் கண்டது, இதை நீங்களும் பாருங்கள்’ என்று ஒருவர் முன்வைக்கும் வாதமே ஆவணப்படம். அந்த யானைப் படம் வளர்ப்பின் பாசத்தைத் தேர்ந்துகொண்டது. அதே குட்டியை வைத்து, ஓசூர்க் காடுகள் நூறாண்டுகளில் எவ்வாறு துண்டு துண்டாயின என்று எடுத்தால் அது வரலாற்றுப் படம். யானைக் கூட்டம் ஏன் குறிப்பிட்ட வழியையே தேடி வருகிறது என்று எடுத்தால் அறிவியல் படம். பயிர் இழப்புக்கான நிவாரணம் ஏன் போதவில்லை, கம்பியில் மின்சாரம் பாய்ச்சும் நிலைக்கு ஒரு விவசாயி எப்படி வந்து சேர்கிறார் என்று எடுத்தால் அரசியல் படம். பெரியவர் கேட்டது இந்த மூன்றாவது படத்தை.

இங்கே ஒரு பழைய நினைவைச் சொல்லியாக வேண்டும். நடுவயதைக் கடந்தவர்களுக்கு ஆவணப்படம் என்றதும் திரையரங்கில் முக்கியப் படத்துக்கு முன்னால் கட்டாயமாகப் போடப்பட்ட செய்திப்படம்தான் நினைவுக்கு வரும். 1948இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் அவற்றைத் தயாரித்தது. அணைத் திறப்பு, வெள்ள நிவாரணம், குடும்பக் கட்டுப்பாடு என்று ஒரே கம்பீரமான குரல் சொல்லிக்கொண்டே போகும். அந்நிறுவனத்துக்காகவே துணிச்சலான சோதனைப் படங்கள் எடுத்த எஸ். சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி போன்றவர்கள் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாமலே போனது. ‘ஆவணப்படம் என்றால் அரசு சொல்லும் அறிவுரை’ என்ற எண்ணம் மட்டும் மக்களிடம் தங்கிவிட்டது. அந்த எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும்.

‘டாக்குமென்டரி’ என்ற சொல்லைத் திரைப்படத்துக்குப் பொருத்தி 1926இல் எழுதியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிரியர்சன். நடப்பு உலகத்தைப் படைப்பூக்கத்தோடு கையாள்வதே இந்தக் கலை என்று பின்னாளில் அவர் விளக்கினார். ‘கையாள்வது’ என்ற சொல்லில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. எவ்வளவு கையாளலாம்? ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி 1922இல் வெளியிட்ட ‘நானூக் ஆஃப் தி நார்த்’ என்ற படம், கனடாவின் பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றியது. உலகின் முதல் முழுநீள ஆவணப்படங்களில் ஒன்றாக அது போற்றப்படுகிறது. ஆனால் நானூக் என்று காட்டப்பட்டவரின் உண்மையான பெயர் அல்லகரியல்லக். அவர் காலத்தில் அம்மக்கள் துப்பாக்கியால் வேட்டையாடத் தொடங்கிவிட்டிருந்தார்கள். படத்துக்காகப் பழைய ஈட்டியை எடுத்தார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாததால் பாதிச் சுவர் இல்லாத வீட்டைக் கட்டி, அதற்குள் அவர்களைத் தூங்கி எழச் செய்தார்கள். ஒரு வாழ்க்கைமுறை மறைவதற்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற தவிப்பு ஃபிளாஹெர்ட்டிக்கு இருந்தது என்பதை ஏற்கிறேன். பார்ப்பவரிடம் இந்த ஏற்பாடுகளைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. டிஸ்னி நிறுவனம் 1958இல் வெளியிட்ட ‘ஒயிட் வில்டர்னஸ்’ படத்தில் லெமிங் எனப்படும் சிறு எலியினங்கள் கூட்டம் கூட்டமாகப் பாறை விளிம்பிலிருந்து நீரில் விழுந்து சாவதைக் காட்டினார்கள். படம் ஆஸ்கர் விருதும் பெற்றது. அந்த விலங்குகள் வேறிடத்திலிருந்து வாங்கிவரப்பட்டவை என்பதையும், விழும்படி தள்ளிவிடப்பட்டவை என்பதையும் கனடியத் தொலைக்காட்சி 1980களில் வெளிக்கொணர்ந்தது. லெமிங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்ற கதையை இன்றும் படித்தவர்கள் பலர் நம்புகிறார்கள். காட்சியாகக் கண்ட பொய் அவ்வளவு எளிதில் மனத்தை விட்டு இறங்குவதில்லை.

இனி நம் மொழிக்கு வருவோம். ஆவணப்படத்தைப் பற்றித் தமிழில் யார் பேசினாலும் ஏ.கே. செட்டியாரைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. கோட்டையூரில் பிறந்து, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்ற அவர், 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். காந்தியின் பிறந்தநாளான அன்றுதான், காந்தியின் வாழ்க்கையைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. அதன் பிறகு கண்டம் கண்டமாக அலைந்து, தென்னாப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வெவ்வேறு படப்பிடிப்பாளர்கள் முப்பது ஆண்டுகளாக எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். சேர்ந்த படச்சுருள் சுமார் 50,000 அடி. 1940இல் தமிழ் விவரணையோடு வெளியான படத்தின் நீளம் சுமார் 12,000 அடி.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அத்தனை பாடுபட்டுத் திரட்டியதில் ஏறத்தாழ முக்கால் பங்கை அவரே விலக்கி வைத்திருக்கிறார். ஆவணப்படக்காரரின் உழைப்பில் பெரும்பகுதி, எதை விடுவது என்று முடிவெடுப்பதில்தான் கழிகிறது. காந்தியைப் பற்றிப் பேசவே அஞ்ச வேண்டியிருந்த பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், காட்சியோடு தமிழ்க் குரலைச் சேர்த்து ஊர் ஊராகக் காட்டியதே ஓர் அரசியல் செயல். அந்தத் தமிழ் வடிவத்தின் முழுப் பிரதி நம் கைக்கு வந்து சேரவில்லை என்பது பெரிய வேதனை. பின்னர் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளியான வடிவத்தின் சுருக்கம் ஒன்றை அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி மீட்டெடுத்தார். ஆவணத்தைச் சேமிக்கும் வழக்கம் இல்லாத சமூகம், ஆவணப்படத்தையும் சேர்த்தே தொலைக்கிறது.

வரலாற்றுப் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தக் காட்சியை எடுத்தது யார், எப்போது, யாருக்காக?’ என்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவம், அதன் மேலே, இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னார் ‘தொறுக்கொண்ட ஞான்று மீட்டுப் பட்டான்’ என்ற எழுத்து. மாட்டு மந்தையைக் கவர்ந்தபோது மீட்கப் போராடி இறந்தான் என்பது பொருள். படமும் சொல்லும் சேர்ந்த ஓர் ஆவணம் அது. கல்லை நட்டது இறந்தவனின் உறவினரோ ஊராரோ. ஆகவே அதில் இருப்பது அவர்கள் பக்கத்து நியாயம். மாட்டைக் கவர வந்தவனின் ஊரில் வேறொரு கல் இருந்திருக்கலாம். இதற்காக நடுகல்லைப் பொய் என்று எந்த ஆய்வாளரும் தள்ளுவதில்லை. யாருடைய கல் என்று தெரிந்துகொண்டு படிக்கிறார்கள். வரலாற்றுப் படத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்ததைப் பற்றிய இரு பிரெஞ்சுப் படங்களை ஒன்றையடுத்து ஒன்றாகப் பார்ப்பது, ஒரு முழுப் பாடநூலைப் படிப்பதற்குச் சமம். அலென் ரெனே 1956இல் வெளியிட்ட ‘நைட் அண்ட் ஃபாக்’ 32 நிமிடங்களே ஓடும். புல் முளைத்துக் கிடக்கும் வதைமுகாம்களை வண்ணத்திலும், பழைய காட்சிகளைக் கறுப்பு வெள்ளையிலும் மாற்றி மாற்றிக் காட்டும். அதில் ஒரு புகைப்படத்தில் கைதிகளைக் காவல் காத்து நிற்பவர் பிரெஞ்சுக் காவலர் என்பது அவரது தொப்பியால் தெரிந்துவிடும் என்பதால், அந்தத் தொப்பியை மறைக்கும்படி பிரெஞ்சுத் தணிக்கை அதிகாரிகள் வற்புறுத்தி மறைக்கவும் வைத்தார்கள். பிணக்குவியல்களைக் காட்ட அனுமதித்தவர்களுக்கு ஒரு தொப்பி பொறுக்கவில்லை. ஆவணக் காட்சியின் வலிமையை இதைவிடத் தெளிவாக யாரும் ஒப்புக்கொண்டிருக்க முடியாது.

கிளாட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட ‘ஷோவா’ ஒன்பது மணி நேரத்துக்கும் அதிகமாக ஓடும். அதில் பழைய காட்சி ஒன்றுகூட இல்லை. உயிர் பிழைத்தவர்களும், அருகிலிருந்து பார்த்தவர்களும், குற்றத்தில் பங்கேற்றவர்களும் பேசுகிறார்கள், அவ்வளவுதான். டிரெப்ளிங்கா முகாமில், நச்சுவாயு அறைக்குள் தள்ளப்படப் போகும் பெண்களின் தலைமுடியை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஆப்ரகாம் பொம்பா என்ற முடிதிருத்துநர் அதில் பேசுகிறார். அவர் தொழிலை விட்டு ஓய்வு பெற்றிருந்தார். இயக்குநர் ஒரு முடிதிருத்தகத்தை வாடகைக்கு எடுத்து, ஒருவரின் தலையில் கத்தரியை ஓட்டிக்கொண்டே பேசும்படி கேட்டார். கை வேலையில் இருக்கும்போது, பல ஆண்டுகள் புதைந்திருந்த நினைவு உடைந்து வெளியே வருகிறது. அவர் பேச முடியாமல் நிற்கிறார். கடையின் ஏற்பாடு செயற்கை. லெமிங்குகளைத் தள்ளியதும் ஏற்பாடுதான். முதலாவது, நடந்த ஒன்றை நினைவிலிருந்து மீட்க உதவியது. இரண்டாவது, நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டியது. இந்த வேறுபாடு ஒருவருக்குப் பிடிபட்டுவிட்டால், ஆவணப்படத்தின் நேர்மையைப் பற்றிய பாதி விவாதம் அவருக்குத் தெளிவாகிவிடும்.

கேமரா இல்லாத இடத்தில் நடந்தவற்றுக்குச் சாட்சியத்தைத் தவிர வேறு வழியில்லை என்பது எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். அரூர் வட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய வன்கொடுமைக்குக் காட்சிப் பதிவு எதுவும் இல்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களும் ஊராரும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொன்ன சொல்தான் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி வாச்சாத்திக்கு நேரில் வந்து இடத்தைப் பார்த்தபின், 2023 செப்டம்பரில் அத்தீர்ப்பை உறுதி செய்தார். பேசும் முகத்தை நீண்ட நேரம் காட்டும் படங்கள் சலிப்பூட்டுகின்றன என்று சொல்லும் இளைஞர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய கடமையில்லை.

அறிவியல் படங்களின் சிக்கல் வேறு வகையானது. அங்கே பொய்யைவிட, ‘எப்படித் தெரியும்?’ என்பதைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வதுதான் பெரிய குறை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று 2022 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. அந்த எண்ணை வீரமான இசையோடு திரையில் ஓட்டினால் கைதட்டல் கிடைக்கும். பார்த்தவர் ஒன்றும் கற்றுக்கொண்டிருக்கமாட்டார். இரும்போடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த கரிமப் பொருளில் கார்பன்-14 எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளக்கிறார்கள். 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும் என்பதால் வயதைக் கணிக்கிறார்கள். அந்தக் கரிமப் பொருளும் இரும்பும் ஒரே காலத்தவைதாமா என்பதை மண்ணடுக்கைக் கொண்டு உறுதி செய்கிறார்கள். இவ்வளவையும் ஒரு படம் காட்டினால், அடுத்த அகழாய்வுச் செய்தியைப் பார்வையாளர் தாமே எடைபோட்டுப் பார்க்க முடியும். நல்ல அறிவியல் படத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றே. எங்கள் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களில் பழுப்புக் கறையோடு தலைமுறைகள் வளர்ந்ததையும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததையும் இந்த அளவுகோலோடு யாராவது படமாக்கினால், முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

இவ்வகையில் தொடக்கநிலையினருக்குச் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1977இல் எடுத்த ‘பவர்ஸ் ஆஃப் டென்’ மிகப் பொருத்தமானது. சிகாகோவில் ஒரு பூங்காவில் படுத்திருக்கும் மனிதரிடம் தொடங்கி, ஒவ்வொரு பத்து நொடிக்கும் பத்து மடங்கு தொலைவுக்கு விலகிப் பேரண்டத்தின் விளிம்புவரை போய், திரும்பி வந்து அவர் கைத்தோலுக்குள் புகுந்து அணுக்கருவரை செல்கிறது. ஓடும் நேரம் ஒன்பது நிமிடம். கணக்கு வாத்தியார் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் பிடிபடாத அடுக்குக்குறி, என் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று மாலையே பிடிபட்டது. 2019இல் வந்த ‘அப்போலோ 11’ படத்தில் விவரணைக் குரலும் இல்லை, இன்றைய நேர்காணலும் இல்லை. 1969இல் எடுத்த காட்சிகளும் அன்றைய உரையாடல்களும் மட்டுமே. முடிவு தெரிந்திருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

புவி வெப்பமாதல் பற்றி 2006இல் வந்த ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ இன்னொரு பாடத்தைத் தருகிறது. அதைப் பள்ளிகளில் காட்டுவது குறித்த வழக்கில், 2007இல் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம் அறிவியல் கருத்தொருமிப்பிலிருந்து விலகிய ஒன்பது இடங்களைச் சுட்டிக்காட்டியது. மனிதச் செயலால் புவி வெப்பமாகிறது என்ற மையக் கருத்து வலுவான ஆதாரம் உடையது என்றும் அதே நீதிமன்றம் சொல்லி, வழிகாட்டுக் குறிப்புகளோடு காட்டலாம் என்றது. சில இடங்களில் மிகைப்படுத்திய படம் மொத்தமாகப் பொய்யாகிவிடாது. மையக் கருத்து சரி என்பதால் மிகைகளை விழுங்கவும் வேண்டியதில்லை.

அரசியல் படங்களுக்கு வரும்போது, ‘இது ஒருபக்கச் சார்பானது’ என்று சொல்லி எழுந்துபோவோரை அடிக்கடி காண்கிறேன். சார்பு இல்லாத அரசியல் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அதை ஒரு குற்றமாகவும் நினைக்கவில்லை. எதிர்த்தரப்பினர் தங்கள் வாதத்தைத் தங்கள் வாயால் முழுமையாகச் சொல்ல அந்தப் படம் இடம் கொடுத்ததா, காட்டிய ஆதாரம் நிற்கிறதா என்பவையே கேட்க வேண்டியவை. ஆனந்த் பட்வர்தன் அயோத்திப் பிரச்சினையைப் பற்றி எடுத்த ‘ராம் கே நாம்’ 1992இல், பாபர் மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே முடிக்கப்பட்டது. இயக்குநரின் நிலைப்பாடு படத்தில் ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. ஆனால் அங்கே ராமர் கோயில் கட்டக் கோரி நடந்த ரத யாத்திரைக்கு ஆதரவாக நிற்பவர்களும் கேமராவின் முன் தாராளமாகப் பேசுகிறார்கள். அந்தச் சர்ச்சைக்குரிய இடத்தில் வழிபாடு நடந்த ராமர் கோயிலுக்கு நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட தலைமைப் பூசாரி லால்தாஸ், மக்களிடையே பகை வளர்க்கப்படுவதைக் கண்டித்து அமைதியாகப் பேசுகிறார். அடுத்த ஆண்டே அவர் கொல்லப்பட்டார். அவர் குரலை இன்று நாம் கேட்க முடிவது, அன்று ஒருவர் கேமராவோடு அவர் எதிரில் உட்கார்ந்ததால்தான். அணு ஆயுதச் சோதனைகளைப் பற்றிய பட்வர்தனின் ‘வார் அண்ட் பீஸ்’ படத்துக்குத் தணிக்கை வாரியம் கேட்ட வெட்டுகளை 2003இல் மும்பை உயர்நீதிமன்றம் நிராகரித்து, முழுமையாகத் திரையிட அனுமதித்தது. இந்த வழக்கின் கதையையும் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் பொருள் இன்னும் விரியும்.

தமிழில், 1999 ஜூலையில் தாமிரபரணிக் கரையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்தில் நிகழ்ந்த உயிரிழப்புகளைப் பற்றி ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’, மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமையைப் பற்றித் திவ்யபாரதி 2017இல் வெளியிட்ட ‘கக்கூஸ்’ ஆகிய இரண்டையும் எவரும் தவிர்க்கக் கூடாது. இரண்டாவது படத்தைப் பார்ப்பது கடினம். எங்கள் மாடியில் பாதியில் எழுந்து சென்ற இருவர், அடுத்த மாதம் வந்து மீதியைப் போடச் சொன்னார்கள்.

ஒரு படம் நேரடியாக நீதி பெற்றுத் தந்த அரிய நிகழ்வும் உண்டு. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1976இல் காவலர் ஒருவரைச் சுட்டதாகத் தண்டிக்கப்பட்ட ராண்டல் ஆடம்ஸ் குற்றமற்றவர் என்று எரோல் மோரிஸ் 1988இல் ‘தி தின் புளூ லைன்’ படத்தில் வாதிட்டார். துப்பாக்கிச்சூட்டை நடிகர்களை வைத்துப் பலமுறை காட்டுகிறார்; ஒவ்வொரு முறையும் ஒரு சாட்சி சொன்னபடி. ஒன்றுக்கொன்று பொருந்தாத அந்தக் காட்சிகளே, சாட்சிகள் சொன்னதை நம்ப முடியாது என்பதை நிறுவிவிடுகின்றன. மறு ஆண்டு ஆடம்ஸ் விடுதலையானார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இது. முதல் மாலையில் ஒன்பது நிமிட ‘பவர்ஸ் ஆஃப் டென்’. வெவ்வேறு நாட்களில் யானைப் படமும் ‘நைட் அண்ட் ஃபாக்’கும்; இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம், மனம் தாங்காது. பிறகு ‘ராம் கே நாம்’. ‘ஷோவா’வை ஒரே மூச்சில் பார்க்க முயலாமல் நான்கைந்து இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிடித்த படத்தின் ஒரு பத்து நிமிடத்தை, ஒலியை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை பாருங்கள்; காட்சி உண்மையில் காட்டியது எவ்வளவு, குரலும் இசையும் உங்களை நம்ப வைத்தது எவ்வளவு என்று அப்போது தனித்தனியாகத் தெரியும். கூடவே ஒரு நோட்டில், படத்தில் யார் பேசவில்லை என்பதை மட்டும் எழுதி வையுங்கள். எங்கள் மாடித் திரையிடலுக்கான நோட்டின் முதல் பக்கத்தில், அந்தப் பெரியவர் சொன்னபடி, ‘ராகிக்காட்டுக்காரர்’ என்று எழுதியிருக்கிறோம்.